மாம்பழக் கலரில் எட்டு பேன்ட்

எங்கள் குடோனில் என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள் சேலை மடிக்கிறோம். தறியிலிருந்து வருகிற சேலையை விரித்து, கறை இருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து, மடித்து, அட்டை வைத்து, கவரில் போட்டு அடுக்க வேண்டும். மற்ற ஏழு பேரையும் மேய்ப்பது என் பொறுப்பு. பெயர் எப்சிபா, வயது நாற்பத்தைந்து, வாய் கொஞ்சம் நீளம். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பி.டி. டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் சரக்கு லாரி ஏறினதும் முதலாளி அண்ணாச்சி வேன் பிடித்து எங்களை டூர் அனுப்புவார். டூர் என்றால் யூனிஃபார்ம் சேலை. இந்த ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனாலே ஒரே மாதிரி சேலை எடுத்துவிடுவார்கள். நாங்கள் தறிச் சத்தத்துக்குள்ளேயே கிடக்கிறவர்கள், சும்மா இருப்போமா? கன்னியாகுமரிக்கு ஆகாச நீலம், திருச்செந்தூருக்குக் கிளிப்பச்சை, போன வருஷம் ராமேஸ்வரத்துக்கு வெங்காயக் கலர். கலரைத் தேர்ந்தெடுப்பது நான். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

ராமேஸ்வரத்துக்குச் சீனியம்மாள் மைனி வேறு கலர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு, குடோனிலேயே மூத்தவள். அதற்காக விட்டுவிடுவேனா? அன்று முழுக்க முந்தியை இழுத்துத் தோளை மூடிக்கொண்டுதான் அலைந்தாள். "எட்டுல ஒண்ணு மாறுனா அது யூனிஃபார்ம் இல்ல மைனி, சந்தக் கூட்டம்" என்று பாம்பன் பாலத்தில் வைத்தே சொன்னேன். கடலைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை என்று இன்றைக்கும் புலம்புகிறாள்.

இந்த வருஷம் முதலாளியின் மகள் ப்ரியதர்ஷினி படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். அப்பாவிடம் சண்டை போட்டு டூரைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். செங்கோட்டையைத் தாண்டி மலையேறினால், கேரளப் பக்கத்தில் காட்டுக்குள் ஒரு இடம் இருக்கிறதாம். மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்களாம். அதில் ஏறி நடந்து, கடைசி மரத்திலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டுமாம். அதற்கு ஜிப்லைன் என்று பெயர். போனில் வீடியோ காட்டினாள். அதில் ஒரு பெண் கம்பியில் பறந்துகொண்டே அலறினாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, இப்படிக் கத்துது" என்றாள் சீனியம்மாள் மைனி.

மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கால் பலகையை விட்டு எழும்புகிற நொடியில் என் உள்ளங்கால் கூசியது. போகவேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். வெளியே மட்டும், "ம், பார்ப்போம்" என்றேன்.

ஜாக்கெட் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மாம்பழக் கலர் உடம்பு, அரக்குக் கரை. எட்டுச் சேலைகளை லாட்டிலிருந்து எடுத்து வைத்து, ஜாக்கெட் துணியை அஃப்ரோஸிடம் கொடுத்துவிட்டேன். அஃப்ரோஸ் எங்களில் ஒருத்தி. பகலில் சேலை மடிப்பாள், சாயங்காலம் வீட்டில் மெஷின் மிதிப்பாள். அவள் ஜாக்கெட் தைத்தால் கையோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் ப்ரியா வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பினாள். டீ நேரத்தில் நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பேன்ட் கட்டாயம். சேலை, பாவாடை, நைட்டி போட்டால் ஏற்ற மாட்டார்கள். துப்பட்டா கூடாது. தலைமுடியை இழுத்துக் கட்ட வேண்டும். வளையல், தொங்கட்டான், கொலுசு எல்லாம் வீட்டில். காலில் பாதத்தை மூடுகிற ஷூ.

டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

"சேலைய தார்ப்பாச்சிக் கட்டிட்டா?" என்றாள் ஒருத்தி.

"தொடையில ரெண்டு பக்கமும் பெல்ட் மாட்டுவாங்கக்கா. சேல அதுல சிக்கும்" என்றாள் ப்ரியா.

"அப்போ நான் கீழ நின்னு உங்க செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்றாள் சீனியம்மாள் மைனி. பதினாறு வயசில் சேலையைக் கட்டினவள், அதற்குப் பிறகு நைட்டியைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறவள். "சுடிதார் வச்சிருக்கவ மூணு பேரு போங்க. நாங்க அஞ்சு பேரும் கட்டுச்சோத்தப் பிரிச்சு வைக்கோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் சுடிதார், ஐந்து பேர் சேலை. பி.டி. டீச்சர் இதற்கு என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். என்னிடம் சுடிதார் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத விஷயம்.

சிவகிரியில் நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நீளம் தாண்டுவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள். நாலு மீட்டர் இருபது. மணலில் என் கால் விழுந்த இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு பி.டி. டீச்சர் மறுபடியும் ஒரு தடவை அளப்பார், நம்பாமல். திருநெல்வேலியில் மாவட்டப் போட்டி வந்தது. எல்லோருக்கும் நீலக் கலரில் அரை டவுசர், வெள்ளை பனியன். அப்பா லாரி ஓட்டுகிறவர். "அர டவுசர் போட்டு எம்புள்ள ஊருக்கு முன்னால குதிக்கணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அவருடைய பழைய காக்கி பேன்ட்டை எடுத்து வெட்டி, இரவோடு இரவாக எனக்கு முழுக்கால் பேன்ட் தைத்துவிட்டாள். இடுப்பில் எலாஸ்டிக். டீச்சரும் சரி என்றார், அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

நான்தான் சரி என்று சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் நீலத்தில் நிற்க, நான் ஒருத்தி மட்டும் காக்கியில் லாரி கிளீனர் மாதிரி நிற்பது கண்ணுக்குள் வந்தது. போட்டியன்று காலையில் தெர்மாமீட்டரை ஆறின காப்பிக்குள் வைத்து எடுத்துக் காட்டினேன். நூற்று மூன்று. அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். பஸ் போய்விட்டது. எனக்குப் பதிலாகப் போன பிள்ளை மூன்றே முக்கால் மீட்டர் தாண்டி மூன்றாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள். முதல் பரிசே நாலு மீட்டர்தானாம். அதைக் கேட்ட அன்றைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் எதையும் தாண்டவில்லை. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி நிற்பதைப் பார்த்தால் உடனே போய்ச் சரி செய்துவிடுவேன். ஊரில் எல்லோரும் என்னை ஒழுங்கு பிடித்தவள் என்கிறார்கள். ஒழுங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் எட்டு மாம்பழச் சேலைகளையும் மேஜையில் வைத்து அஃப்ரோஸைக் கூப்பிட்டேன்.

"வெட்டு."

"என்னத்தக்கா?"

"சேலைய. ஆளுக்கு ஒரு பேன்ட்டு, ஒரு மேல்சட்ட. கணுக்கால்ல கரை வரணும். எட்டும் ஒண்ணு போல இருக்கணும்."

குடோனே கூச்சல் போட்டது. எங்கள் வேலையில் கத்திரிக்கோல் படுவது கழிசல் சேலை மேலே மட்டும்தான். கறை விழுந்தது, இழை ஓடினது, அதைத்தான் துண்டு போடுவோம். நல்ல சேலையில் கத்திரி வைப்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சீனியம்மாள் மைனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தம் கேட்டு முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மேஜையையும் கத்திரியையும் பார்த்துவிட்டு, "ஏம்மா எப்சி, நாளைக்கு இதுவே ஃபேஷனாயிட்டா எஞ்சேலைய எவ வாங்குவா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். மனசு கேட்டிருக்காது.

அளவெடுப்பது பெரிய பாடாகப் போயிற்று. இடுப்பு அளவையும், உட்காருகிற இடத்து அளவையும் ஊர் கேட்கச் சொல்ல ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. அஃப்ரோஸ்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தறி நூலில் ஆளுக்கு ஒரு துண்டு அறுத்துச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். நம்பர் கிடையாது, நூல்தான். அவரவர் நூலை அவரவர் மேல்சட்டைத் துணியில் முடிந்து வைத்தாள். சீனியம்மாள் மைனியின் நூலைப் பார்த்து ஒருத்தி, "இது என்ன, தறி நீளத்துக்கு ஓடுற பாவு நூலாட்டி?" என்று கேட்டு அடி வாங்கினாள்.

என் முறை வந்தது. அஃப்ரோஸ் மெதுவாகச் சொன்னாள்: "எப்சியக்கா, சேலத் துணி மெல்லிசு. சீட்டுப் பக்கம் ரெண்டு இஞ்சு லூஸ் விடுதேன்."

"அவங்களுக்கு விடு. எனக்கு வேண்டாம். தொளதொளன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? ஃபிட்டா தை."

"காலத் தூக்கணும்லாக்கா."

"எங்காலு எனக்குத் தெரியும்ட்டி."

அவள் நூலில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

ஷூதான் அடுத்த பிரச்சினை. எட்டு வீட்டிலும் எந்தப் பெண்ணுக்கும் ஷூ கிடையாது. ஆனால் எட்டு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியடுக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இருக்கிறது. என் மகளுடையது எனக்குப் பொருந்தியது. சீனியம்மாள் மைனிக்குப் பேரனுடையது. அதில் பக்கவாட்டில் பேனாவால் 'ஆறாம் வகுப்பு பி பிரிவு' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் விட்டுக்கொடுத்தார்கள். சேறு ஆக்காமல் கொண்டுவர வேண்டும் என்று என் மகள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வேன் வந்தது. டிரைவர் உச்சிமாகாளி வழக்கம்போலக் காக்கி உடுப்பில், கோடு கலையாத இஸ்திரியோடு நின்றார். அந்தக் காக்கியைக் கண்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷமாக எனக்கு அது ஒரு பழக்கம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வர ஒருத்திக்கும் தைரியம் இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தவள், மேலே நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தவள். சீனியம்மாள் மைனி பேன்ட்டுக்கு மேலே முழுச் சேலையே கட்டியிருந்தாள்.

"புளியங்குடி தாண்டட்டும், அவுத்துருதேன்" என்றாள். புளியங்குடி தாண்டியது. "கடையநல்லூர்ல எங்க சம்பந்தகாரங்க இருக்காங்க" என்றாள். கடையநல்லூரும் தாண்டியது. "தென்காசியில ஆரு எங்கன நிப்பாங்கன்னு சொல்ல முடியாது." கடைசியில் செங்கோட்டையைத் தாண்டி, மலை தெரிந்த பிறகுதான் சேலையை அவிழ்த்து மடித்தாள். அட்டை இல்லாமலே குடோனில் மடிக்கிற அதே மடிப்பு. கை பழகிவிட்டது.

அந்த இடத்தில் இறங்கி எட்டுப் பேரும் வரிசையாக நின்றோம். மாம்பழ பேன்ட், மாம்பழ மேல்சட்டை, கணுக்காலில் அரக்குக் கரை, வெள்ளை ஷூ. அஃப்ரோஸ் மட்டும் முந்தித் துணியில் தலைக்கு ஒரு துண்டு தைத்துக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தாள், ஹெல்மெட் அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களுக்குக் கைடாக வந்தவள் ஷைனி என்கிற மலையாளப் பெண். தேகமெல்லாம் கொக்கியும் கயிறுமாக வந்து நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிங்கள் டான்ஸ் குரூப்பா சேச்சி?"

"சேல மடிக்கிற குரூப்பு" என்றேன் நான்.

முதலில் தரையிலேயே பயிற்சி. இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பெல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டாள். போனைப் பட்டனோ ஜிப்போ வைத்த பாக்கெட்டில் போடலாம், இல்லாவிட்டால் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்றாள். எங்கள் பேன்ட்டில் பாக்கெட்டே கிடையாது, எல்லா போனும் பெட்டிக்குள் போயின. பிறகு ஒரு கயிற்று ஏணியைக் காட்டி, ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி முதல் படியில் வைத்து ஏறிக் காட்டச் சொன்னாள். படி இடுப்பு உயரத்தில் இருந்தது.

நான்தானே தலைவி. முதலில் நான் போனேன். பழைய தெம்பில் காலை வீசித் தூக்கினேன்.

டர்ர்ர்ர்.

துணி கிழிகிற சத்தம் எங்களுக்குத் தெரியாததா? ஏழு தலையும் ஒன்றாகத் திரும்பின. எங்கே கிழிந்தது, எவ்வளவு நீளம் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள் அவர்கள். பின்னாலிருந்து முன்னால் வரைக்கும், தையலை விட்டுத் துணியே போயிருந்தது. பெல்ட் வேறு மேல்சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது. நான் அப்படியே பின்னோக்கி நடந்து போய் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

அஃப்ரோஸ் ஊசி நூலோடு ஓடி வந்தாள். துணியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இழ ஓடிருச்சுக்கா. பிடிக்கத் துணியே இல்ல." சொன்னேன்லா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஹெல்மெட் தரும், கிளவுஸ் தரும், பேன்ட் தரில்லா சேச்சி" என்றாள் ஷைனி. "அர மணிக்கூர்ல அடுத்த குரூப் வரும்." ப்ரியா ஜீன்ஸ் போட்டிருந்தாள். அவள் இடுப்பு என் தொடையளவு.

"நீங்க போங்க. நான் இங்கன நிக்கேன்" என்றேன்.

அப்போது சீனியம்மாள் மைனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எட்டுல ஒண்ணு மாறுனா யூனிஃபார்ம் இல்லன்னு நீதான எப்சி சொல்லுவ? நீ ஏறலைன்னா நாங்களும் ஏறல." மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மைனி கழற்றின வேகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது என்பது வேறு விஷயம். ஆனால் மற்ற ஆறு பேரும் பள்ளத்தாக்குக்கு மேலே போகிற கம்பியையே பார்த்துக்கொண்டு கழற்றினார்கள். ஒரு வாரமாக வீட்டில் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளிடம் ஷூவுக்குக் கெஞ்சி வந்தவர்கள். நான் போட்ட சட்டம் அவர்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டது.

"எப்சிக்கா, அங்க பாருங்க" என்றாள் ப்ரியா.

வேன் நிழலில் நின்றது. உச்சிமாகாளி லுங்கிக்கு மாறி, பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கோடு கலையாமல் இருக்க, அவருடைய பேன்ட் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

காக்கி.

ஏழு பேர் மாம்பழக் கலரில் ஜொலிக்க, நான் ஒருத்தி மட்டும் காக்கியில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. முப்பத்தோரு வருஷம் கழித்து அதே கண்ணாடி. "தல வலிக்கி, மேலு கொதிக்கி, காய்ச்சல் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், யாராவது ஈரத்துணிகூடப் போடுவார்கள். வாக்கியம் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. தெர்மாமீட்டர்தான் இல்லை.

ஏழு பேரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பேன்ட்ட எடுத்துட்டு வாங்கட்டி" என்றேன்.

உச்சிமாகாளி பதறி எழுந்தார். "யக்கா, அது டூட்டி பேன்ட்டுக்கா! வழியில போலீஸ் நிப்பாட்டுனா லுங்கியோட எறங்க முடியுமா?"

"திரும்பும்போது தந்துருதேன். அதுக்குள்ள போலீஸ் வந்தா நான் பேசிக்கிடுதேன்."

"அப்போ போலீசுதான் பாவம்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார்.

சீனியம்மாள் மைனியின் சேலையை ஏழு பேரும் திரையாகப் பிடிக்க, உள்ளே மாற்றிக்கொண்டேன். இடுப்பு பெரிசு. கிழிந்த மாம்பழ பேன்ட்டிலிருந்து அரக்குக் கரையை உருவி, அஃப்ரோஸ் அதையே பெல்ட்டாக இறுக்கிக் கட்டினாள். திரை விலகியது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் விட்டேன். கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு சீப்பு இருந்தது.

"ஏட்டி, எப்சிக்குப் பாக்கெட் இருக்கு!" என்று மைனி கத்தினாள். "பட்டன் வச்ச பாக்கெட்டு!"

ஏழு பேரும் கிட்டே வந்து பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கையையே உள்ளே விட்டுப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து என் போனை எடுத்து வந்து, உள்ளே போட்டு, பட்டனையும் மாட்டிவிட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அது அவர்கள் மனசிலேயே இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஷைனியிடம் மறுபடியும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தேன். காக்கி ஒரு இழை அசையவில்லை.

கயிற்றுப் பாலங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் சீனியம்மாள் மைனி நடுப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசி மரத்தில் பலகை மேடை. அங்கிருந்து கம்பி பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ப் பக்கம் போகிறது. கீழே பார்த்தால் மர உச்சிகள்தான் தெரிந்தன. ஒவ்வொருத்தியாகப் போனார்கள். அஃப்ரோஸ் சத்தமே இல்லாமல் போனாள். மைனி, "யம்மா கோமதித் தாயே, எம்பேரன் ஷூவு!" என்று அலறிக்கொண்டே போனாள். இடது கால் ஷூ பாதி கழன்று, விரல் நுனியில் தொங்கிக்கொண்டே அக்கரை சேர்ந்தது.

கடைசியில் நான். ஷைனி கொக்கியை மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"சும்மா இருந்தா மதி, போதும் சேச்சி, தன்னால போகும்."

"ஓடி வந்து குதிக்கலாமா?"

"ஓடானோ? இவிடெ ரெண்டு ஸ்டெப்தான் இருக்கு."

இரண்டு எட்டு போதும் எனக்கு. பின்னால் போய் நின்றேன். வலது கால், இடது கால், பலகையின் விளிம்பு. மிதித்த இடம் சரியாக மிதிபட்டது, கோட்டைத் தொடவில்லை, ஃபவுல் இல்லை. கால் எழும்பியது.

மணல் வரவில்லை. எப்போதும் சட்டென்று வந்து முடித்துவைக்கிற மணல் இந்தத் தடவை வரவே இல்லை. முழங்காலை மடக்கி, கையை முன்னால் வீசி, டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே நான் தாண்டிக்கொண்டே இருந்தேன். காக்கி காற்றில் படபடத்தது. நான் கத்தினேனாம், எனக்கு ஞாபகம் இல்லை. அழுதேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

எதிர்ப் பக்கம் ஏழு பேரும் என்னைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். போட்டோ எடுக்க என் போன் ஒன்றுதான் இருந்தது. அக்கரையில் கொக்கி கழற்றுகிறவரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னோம். நான் ஓரத்துக்குப் போனேன். மைனி கையைப் பிடித்து நடுவில் இழுத்து நிறுத்தினாள். "அடுத்த வருஷம் எல்லாருக்கும் காக்கிதான் எப்சி, பாக்கெட் வச்சு" என்றாள். என்னைக் கேட்காமலே கலரை முடிவு செய்துவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

போனைத் திரும்ப வாங்கினதும் சற்றுத் தள்ளிப் போய், ஹெல்மெட்டோடே சிவகிரிக்குப் போன் போட்டேன்.

"யம்மா, எப்சி பேசுதேன்."

"என்னட்டி, டூரு போயிட்டியா? சாப்ட்டியா?"

"யம்மா, ஒம்பதாங்கிளாஸ்ல திருநெல்வேலிப் போட்டிக்குப் போகாம படுத்துக் கிடந்தேன்லா? அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லம்மா."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெர்மாமீட்டர்ல சீனி ஒட்டியிருந்துச்சு. நான்தான் கழுவி வச்சேன்."

"பொறவு ஏம்மா ஈரத்துணி போட்ட?"

"நீ அழுதுக்கிட்டுல்லா கெடந்த."

கீழே பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பறவை கத்தியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காக்கி பேன்ட் போட்ட கதையை மளமளவென்று சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தாண்டிட்டேன்மா."

"எம்புட்டுத் தூரம்?"

"எரநூறு மீட்டரு."

அம்மா, தைக்கிறவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"பேன்ட்டு இடுப்புல நின்னுச்சாட்டி?"

"நின்னுச்சும்மா" என்றேன்.